எனக்கு மகன் இல்லை என்று சொன்ன திங்கட்கிழமை

அன்பு மகனுக்கு,

எனக்கு மகனே இல்லை என்று ஒரு பொலிஸ்காரரிடம் நான் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை இப்படித் தொடங்கக்கூடாதுதான். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மழையைப் பற்றி நாலு வரி எழுதி, ஆர் ஆருக்குப் பிள்ளை பிறந்தது என்று சொல்லி, மெல்ல மெல்ல விஷயத்துக்கு வருவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். ஆனால் நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை கோப்பன்ஹேகனுக்குப் போகிறாய், பொலிஸ் பாடசாலைக்கு. ஒளித்து வைத்திருப்பதை ஒருவன் வாயிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்று அங்கே படிப்பிப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். நீ படித்துவிட்டு வந்து என்னில் பழகிப் பார்ப்பதற்கு முன் நானாகவே ஒப்புக்கொண்டுவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

சித்திரை மாதத்து ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அது. திங்கட்கிழமைகளில் நீ வேலை செய்கிற பேக்கரி பூட்டு. நீ குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாய். நீ குளியலறையில் பாடினால் மூன்று மாடிக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்தால் பாடமாட்டாய் என்று நாங்கள் சொல்லவில்லை. நான் சாரமும், அதற்கு மேலே உன் அம்மா பின்னிய கம்பளிச் சட்டையும், தலையில் குளிர்த் தொப்பியுமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. சோதி மாமி கறிவேப்பிலை கேட்டு வந்திருப்பா என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு சீருடை நின்றது. சீருடைக்குள் ஆளும் நின்றிருப்பார், நான் கவனிக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மகன் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்கு முன் என் வாய் பதில் சொல்லிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருடத்தில் நான் பேசிய மிகச் சுத்தமான டேனிஷ் வசனம் அதுதான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, உச்சரிப்புக்கூடச் சரி. எனக்கு மகன் இல்லை என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். அங்கே சுவரில் நீ நிற்கிறாய், வெள்ளைத் தொப்பி போட்டு, மூன்று தட்டுக் கேக்கோடு; அம்மா கிழமைக்கு ஒருதரம் துடைத்து வைக்கிற அந்தப் பெரிய படம். படத்துக்குக் கீழே உன் சப்பாத்து, நாற்பத்து மூன்றாம் இலக்கம். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். என் கால் முப்பத்தொன்பது. அந்த நேரம் பார்த்து நீ பாட்டின் உச்சத்துக்குப் போனாய். அப்படியென்றால் பாடுவது யார் என்று அவர் மிகவும் பணிவாகக் கேட்டார். வானொலி என்றேன். உடனே வானொலி பாட்டை நிறுத்திவிட்டு, துவாய் எங்கே என்று டேனிஷில் கத்தியது. அவர் என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன். நல்ல வானொலி என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். ஆர் வந்தது என்று நீ தலையைத் துடைத்தபடி வந்து கேட்டாய். ஆரோ வீடு மாறி வந்திட்டினம் என்றேன்.

கதவைப் பூட்டிய பிறகுதான் மூளை வேலை செய்தது. விண்ணப்பம் போட்ட அந்தக் குளிர்காலமே நீ சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாய்: என்னைப் பற்றி விசாரிப்பார்கள் அப்பா, வேலை செய்கிற இடத்தில், அக்கம்பக்கத்தில், சில வேளை வீட்டுக்கும் வருவார்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆக விசாரிக்க வந்த மனிதரிடம், விண்ணப்பித்தவன் உலகத்திலேயே இல்லை என்று அவனுடைய தகப்பனே சாட்சி சொல்லிவிட்டான். களவெடுத்தான், குடித்தான் என்று சொல்லியிருந்தால்கூட ஏதாவது சமாளிக்கலாம். இல்லாத ஒருவனை எந்தப் பொலிஸ் வேலைக்கு எடுக்கும்?

உன் விஷயத்தில் நான் பொய் சொல்வது அது முதல் தரமும் இல்லை. அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பதினேழு வயதில் நீ பேக்கரியில் தொழில் பழகப் போனபோது நான் இரண்டு மாதம் உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்திய கையால் இங்கே வந்து பிளாஸ்ரிக் வாளிகளுக்குப் பிடி மாட்டுகிறேன் என்றால், அது என் மகன் டொக்டராகவோ இஞ்சினியராகவோ வருவதற்காக என்று நானாக எழுதி வைத்திருந்த கணக்கு. ஊருக்கு எழுதிய கடிதங்களில், மகன் உணவு இரசாயனத் துறையில் பயிற்சி பெறுகிறான் என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் இல்லை, மாவும் ஈஸ்டும் இரசாயனம்தானே. பிறகு நீ அந்த மூன்று தட்டுக் கேக்கைச் செய்து பரிசெடுத்து, உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தபோது, அதை வெட்டி எல்லாருக்கும் அனுப்பி, நான்தான் உன்னை அந்தத் தொழிலுக்குத் தள்ளிவிட்டதாகவும் எழுதினேன். அந்தப் புகழை நான் முழுதாக அனுபவித்து முடிப்பதற்கு முன் நீ கேக்கை விட்டுவிட்டுப் பொலிஸுக்குப் போகிறேன் என்று வந்து நின்றாய்.

கேக்கிலை என்ன குறை என்று நான் கேட்டது நினைவிருக்கும். வழமையாக நான் தமிழில் கேட்க நீ டேனிஷில் பதில் சொல்வாய். அன்றைக்கு நீ தமிழில் சொன்னாய்.

“ஒரு குறையும் இல்லை அப்பா. ஆனால் நான் போறன்.”

நீ தமிழில் பதில் சொன்னால் விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். பிறகுதான் காரணம் சொன்னாய். இந்த எங்கள் ஊர் கிரின்ஸ்டெட்டுக்குப் புதிதாக எங்கள் பொடியள் வந்து இறங்கத் தொடங்கிய காலம். அவர்களிடம் விசாரிக்க மொழி தெரிந்த ஆள் இல்லாமல், பொலிஸில் இருந்து பேக்கரிக்குத் தொலைபேசி எடுத்து உன்னைக் கூப்பிடுவார்களாம். நீ முழங்கை வரை மாவோடு சைக்கிளில் போய் மொழிபெயர்த்துவிட்டு வருவாயாம். நாங்கள் பயப்படுவோம் என்று அதுவரை சொல்லவில்லை. ஒருநாள் ஒரு பொடியன் இரண்டு மணித்தியாலமாக வாயே திறக்கவில்லை. நீ அவனுடைய பெயரைக் கேட்கவில்லை, எப்ப கடைசியாகச் சாப்பிட்டாய் என்று கேட்டு உன் பையிலிருந்த பணிஸை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அவன் அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை மேசைக்கு மேலால் பொலிஸ்காரருக்குத் தள்ளிவிட்டானாம். இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய், பிறகு சிரிக்கவில்லை. அந்த மேசையில் மூன்று கதிரை, நான் எப்பவும் நடுக் கதிரையில், எனக்குக் கேள்வி கேட்கிற கதிரை வேணும் என்றாய். அம்மா எழும்பிப் போய் உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அது அவளுடைய சம்மதம்.  நான் மறுநாளே ஊருக்குக் கடிதம் எழுதினேன்: மகனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கப்போகிறது. இந்தத் தரம் பொய் சொல்லத் தேவைப்படவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இங்கே உள்ள எங்கள் சனத்திடம் அரசாங்க உத்தியோகம் என்ற பெருமை எடுபடவில்லை. சோதி மாமியை உனக்குத் தெரியும், இரண்டு கதவு தள்ளி இருக்கிறா, அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஊர்ப் புதினத்தைப் புதினமாகச் சொன்னால் பாவம், ஜெபக் குறிப்பாகச் சொன்னால் புண்ணியம் என்பது அவவின் முறை. சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல பிள்ளையாய்ப் பாணும் கேக்கும் சுட்டுக்கொண்டிருந்த தம்பி இப்ப ஆக்களைச் சுடப் போறானாம், ஆண்டவர் அவனுக்கு நல்ல புத்தியைக் குடுக்கவேணும் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டா. கூட்டம் முழுக்க ஆமென் சொன்னது. பழக்க தோஷத்தில் நானும் சொன்னேன். உன் அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு கிழமை கண்டியிருந்தது. தேத்தண்ணி நேரத்தில் மாமி கிட்ட வந்து கேட்டா.

“பொலிஸ்காரனுக்கு ஆர் அண்ணை பொம்பிளை குடுப்பினம்?”

“பென்சன் இருக்குது, சோதி.”

மாமி பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தா. “பென்சன் எண்டால் பாக்கலாம்” என்றா.

நீந்தத் தெரியவேண்டும் என்று விண்ணப்பத்தில் இருந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. இருபத்தைந்து வயதில் நீ நகர நீச்சல் குளத்துக்குப் போய், பல்லு விழுந்த சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழகினாய். நான் கடற்கரை ஊரான், நானே சொல்லித் தாறன் என்று முதல்நாள் வந்து குளக்கரையில் நின்றேன். கைகளை இப்படி வீசு, காலை அப்படி அடி என்று வாய் ஓயாமல் சொன்னேன். நீயும் பொறுமையாகக் கேட்டாய். இப்போது சொல்கிறேன், நான் இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் என் வாழ்நாளில் போனதில்லை. அடியில் போட்ட இறப்பர்க் கட்டையை எடுக்க நீ முதல்தரம் முங்கினாய் அல்லவா, நீ மேலே வரும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கட்டையோடு வந்தாய். எனக்குத்தான் தலை சுற்றியது, பிடித்து வாங்கில் இருத்தினார்கள்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். கேட்கிற கதிரைக்குத்தானே போகிறாய்.

உன் பெரியப்பா ஏன் கதைப்பதில்லை என்று சின்னனில் கேட்டிருக்கிறாய். தொண்டை வருத்தம் என்று சொன்னேன். தொண்டையில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் இங்கே வருவதற்கு முந்திய வருடம், நீயும் அம்மாவும் அம்மம்மா வீட்டில் நின்ற நேரம், அவரைத் தேடிப் பொலிஸ் வீட்டுக்கு வந்தது. ஏதோ சுவரில் யாரோ எதையோ எழுதியிருந்தார்கள், அவர் எழுதவில்லை. என் அப்பா, பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார், வாழ்நாளில் பொய் சொல்லாதவர். மகன் வீட்டிலையோ என்று வந்தவர்கள் கேட்டார்கள். ஓம், உள்ளுக்குத்தான் நிக்கிறான், கூப்பிடுறன் என்றார். உள்ளே திரும்பி, பெரியவன் இஞ்சை வா, ஐயாமார் வந்திருக்கினம் என்று தன் வாயாலேயே கூப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது அண்ணரில் பாதிதான். அதற்குப் பிறகு என் அப்பா வீட்டில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாராவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். கண்ணை மூடும்வரை கையைத் தட்டினார்.

நான் அந்த வீட்டிலிருந்து கப்பலேறும்போது கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு பாடமும். சீருடை வந்து பிள்ளையைக் கேட்டால் பிள்ளை இல்லை. கிரின்ஸ்டெட்டில் பொலிஸ் நிலையம் இருக்கிற தெருவால் நான் போனதே இல்லை. தொழிற்சாலைக்கு அதால் போனால் ஐந்து நிமிடம், நான் தேவாலயத்தைச் சுற்றிப் பத்து நிமிடமாகப் போவேன். காற்றோட்டத்துக்கு நல்லது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு இதையெல்லாம் சொல்லாமல் விட்டது பிழை. நீ இந்த நாட்டுப் பிள்ளையாகப் பயமில்லாமல் வளரவேண்டும் என்று நினைத்தேன். வளர்ந்தாய். அந்தப் பயம் என்னோடு தனியாக இருந்து கொழுத்துவிட்டது.

அந்தத் திங்களுக்குப் பிறகு பத்து நாள். நீ ஒவ்வொரு நாளும் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தோளைக் குலுக்குவாய்.  நான் தொழிற்சாலையில் ஒரு நாள் முழுக்க வாளிகளுக்குப் பிடியைத் தலைகீழாக மாட்டியதால், மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். வானொலியையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“இஞ்சாருங்கோ, பெத்த பிள்ளையை இல்லையெண்டு சொன்னது நீங்கள். இருக்குதெண்டு போய்ச் சொல்லுறதும் நீங்கள்தான்.”

“நீயும் வாறியோ?”

“நான் வந்தால் நான் சொன்னதாய்ப் போகும்.”

அடுத்த நாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டேன். அம்மாவின் தங்கச்சியின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டேன். வயிறு பெருத்துப் பொத்தான் பூட்ட முடியவில்லை, ஆனால் டை கட்டி மறைத்தேன். தேவாலயத்தைச் சுற்றாமல் நேராகப் போனேன். அந்தத் தெருவில் பூக்கடை ஒன்றும் சப்பாத்துக் கடை ஒன்றும் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றுதான் தெரியும். பொலிஸ் நிலையக் கதவை நான் தள்ளினேன், அது இழுக்கிற கதவு. உள்ளே அதே மனிதர்தான் இருந்தார். ஹோல்கர் என்று பெயர். சீருடைக்குள் ஒரு ஆள் இருப்பதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். நரைத்த மீசை, மூக்கில் கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சீப்பு. நான் இருக்காமல் நின்றபடியே, அம்மாவோடு விடிய விடிய மனப்பாடம் செய்த மூன்று வசனத்தையும் சொன்னேன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அவன் நல்லவன். இல்லை என்று நான் சொன்னது என் அண்ணனால்.

மூன்றாவது வசனம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த என்னிடம் மனப்பாடம் இல்லை. இருந்த டேனிஷ் எல்லாவற்றையும் கொட்டி, இல்லாத இடத்தில் கையைத் தட்டிக் காட்டிச் சொன்னேன்.  அவர் இரண்டு கோப்பையில் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து ஒன்றை என் பக்கம் வைத்தார். பிறகு ஏதோ சொல்வதற்கு வாயைத் திறந்தார், என் டையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். கோப்பியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இந்த நாட்டில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எங்கள் ஆட்களையும் நான் கேட்கவிட்டதில்லை. குடை திருத்துகிறார், நல்லாய்த் திருத்துவார் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தொண்டை வருத்தம் வந்தது.

போகமுன், நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தேவையில்லை என்றார். நான் தபால் கந்தோர்க்காரன், எழுதாத பேச்சு காற்று என்றேன். அவர் சட்டைப் பைகளைத் தடவி ஒரு கடதாசித் துண்டை எடுத்து எழுதினார். வாசித்தும் காட்டினார்: இவருக்கு ஒரு மகன் இருக்கிறான், நல்லவன். முத்திரை என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய், எங்கேயோ தேடி ஒரு முத்திரையைக் கொண்டுவந்து அழுத்திக் குத்தினார். அவ்வளவு அழகாகக் குத்திய முத்திரையை நான் என் சேவைக்காலத்தில் கண்டதில்லை. வீட்டுக்கு அதே தெருவால் திரும்பி வந்தேன். ஐந்து நிமிடம்தான்.

வியாழக்கிழமை நான் போனேன். திங்கட்கிழமை உனக்குக் கடிதம் வந்தது. கடிதப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்துவிட்டு நீ அம்மாவைத் தூக்கினாய். என்னைத் தூக்கப் பார்த்தாய், கோட்டுப் பொத்தானுக்குச் சொன்ன அதே காரணத்தால் முடியவில்லை. நான் அப்பவே சொன்னன் என்று மட்டும் சொன்னேன். மகன், உன்னைப் பொலிஸுக்குள் எடுத்தது நான்தான் என்ற நினைப்போடு இந்தக் கோடை முழுக்க நடந்திருக்கிறேன். தொழிற்சாலையில் சொன்னேன், ஜெபக்கூட்டத்தில் ஸ்தோத்திரமாகச் சொன்னேன், சோதி மாமிக்கு இரண்டு தரம் சொன்னேன். கோப்பில் ஒரு வாக்குமூலம் இருக்குது, முத்திரையோடை, இனி ஒருத்தரும் அசைக்கேலாது என்று சொன்னேன். என்ன வாக்குமூலம் என்று சொல்லவில்லை. நீ பெரியவனாக வந்தபிறகு அந்தக் கோப்பை எடுத்துப் பார்ப்பாய் என்று நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பெருமை என்று எழுதிவிட்டேன், இனி அழிக்க வேண்டாம். நான் தொழில் மாறியது வயிறு சொன்னபடி. உன் வயிறு உன்னை எதற்கும் துரத்தவில்லை. பேக்கரி முதலாளி, உன் மேஸ்டர், உன்னைத் தன் இடத்துக்கே வைத்திருந்திருப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் அவரே சொன்னார். நீ கையில் பிடித்த கேக்கை வைத்துவிட்டு, உன்னைப் போல் கறுப்பாக ஒருவரும் இருக்காத வகுப்பில் போய் முதல் வாங்கிலிருந்து தொடங்கப் போகிறாய். இங்கே முழு நாட்டுக்கும் ஒரே பொலிஸ், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் உன்னைப் போடுவார்கள். எந்த ஊரில் நீ மணி அடித்தாலும் கதவைத் திறக்கிறவர்கள் முதலில் உன் முகத்தைப் பார்த்துத் திகைப்பார்கள், பிறகு சீருடையைப் பார்த்து இன்னும் திகைப்பார்கள். உனக்குப் பயம் இல்லையா என்று நான் கேட்டபோது, கொஞ்சம் இருக்கு அப்பா என்று தமிழில் சொன்னாய். அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. பயம் தெரியாதவன் அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது.

தகப்பன் கடிதம் எழுதினால் புத்தி சொல்லவேண்டும். உன் சொந்தக்காரர் ஆராவது காரைப் பிழையான இடத்தில் நிறுத்திவிட்டு, தம்பியைக் கொண்டு சொல்லுவிக்கலாம் என்று வருவார்கள். முதல் ஆளாக நான்தான் வருவேன். என்னிடமே முடியாது என்று சொல்லிப் பழகு, மற்றவர்களுக்குச் சொல்வது பிறகு லேசு. பிறகு, கேக் செய்வதை விடாதே. அங்கே வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் நீயே செய், மூன்று தட்டு வேண்டாம், ஒன்று போதும்.

ஒரு நாள் நீ ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாய். ஒரு தகப்பன் வந்து எனக்குப் பிள்ளை இல்லை என்பான். அவன் எந்த நாட்டுக்காரனாகவும் இருக்கலாம். அவனுக்குப் பின்னால் சுவரில் படம் இருக்கும், கீழே சப்பாத்து இருக்கும். அவன் பொய் சொல்கிறான் என்று எழுதுவது உன் கடமை என்றால் எழுது. எழுதுவதற்கு முன் தொப்பியைக் கழற்று. ஒரு படி பின்னுக்கு நில். அவன் கையில் வெங்காயம் இருக்கிறதா என்று பார்.

சீருடை அங்கேதான் தருவார்களாம். முதல்தரம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மணி அடிக்காதே. உன்னிடம் சாவி இருக்கிறது, திறந்துகொண்டு வா. உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வா. நான் குசினியில் நிற்பேன்.

உன் அப்பா

கடித உறையை ஒட்டப் போன நேரத்தில் மனச்சாட்சி குத்துகிறது, இன்னும் ஒன்று. சொல்லாமல் விடத்தான் பார்த்தேன். போன சனிக்கிழமை பாண் வாங்கப் போன இடத்தில் ஹோல்கரைக் கண்டேன். உன்னைப் பற்றிய விசாரணையெல்லாம் மாசியிலேயே மேஸ்டரிடம் கேட்டு முடிந்துவிட்டதாம். அந்தத் திங்கட்கிழமை அவர் வந்தது, தேவாலயத்தில் தன் மகளுக்கு நடக்கிற திடப்படுத்தல் சடங்கின் விருந்துக்கு உன்னிடம் சொல்லிவைத்த கேக்கைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லவாம். பேக்கரி பூட்டியிருந்தபடியால் வீட்டுக்கு வந்தாராம். பொலிஸ் நிலையத்தில் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்கள் டை கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள், சொல்ல மனம் வரவில்லை என்றார். பிறகு பணப்பைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து, இது உங்களிடம் இருக்கட்டும் என்று தந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் உன் கையெழுத்து: ஞாயிறு, ஸ்ட்ரோபெரிக் கேக், முப்பது பேருக்கு. முப்பதை அவர் வெட்டி நாற்பதாக்கியிருக்கிறார். பின்பக்கத்தில் என் வாக்குமூலம். அதன் கீழே உள்ள முத்திரையை நான் இன்றுதான் கண்ணாடி போட்டு வாசித்தேன். வழியில் கண்டெடுத்த சைக்கிள்களுக்குக் குத்துகிற முத்திரை அது.